உங்கள் விமான மைல் எத்தனை பைசா? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் தொகுப்பைத் திறப்பார்கள். கட்டம் கட்டமாக இருக்கும். இதில் நாம் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு மூடிவிடுவார்கள். பாடப் புத்தகங்கள் ஐந்து மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லும். அந்த ஐந்து பேர் யாரென்றும் தெரியாது, கூட்டி என்ன ஆகப் போகிறது என்றும் தெரியாது. எனவே இந்தப் பாடத்திற்குப் பணம் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தேவை ஒரே ஒரு பார்முலாதான்.

நான் ராணிப்பேட்டைக்காரன். எங்கள் பக்கம் தோல் தொழில் என்பதால் பாஸ்போர்ட்டில் பக்கம் தீர்ந்துபோனவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். மிலான் நகரில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் லினியாபெல்லே தோல் கண்காட்சி, ஹாங்காங்கில் மார்ச்சில் இன்னொரு கண்காட்சி என்று ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆட்கள் சென்னையில் விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். இது போக வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூரில் பிள்ளைகள் இருப்பவர்கள் தனி. இவர்களில் பலருடைய பீரோவில் ஏதாவது ஒரு விமான நிறுவனத்தின் உறுப்பினர் அட்டை இருக்கும். அதில் எத்தனை மைல் சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். தெரிந்த சிலரும் "ஐம்பதாயிரம் மைல் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதன் மதிப்பு ஐயாயிரம் ரூபாயா, ஐம்பதாயிரம் ரூபாயா என்று கேட்டால் பதில் வராது.

பதில் வராததற்குக் காரணம் இருக்கிறது. மைலுக்கு நிலையான விலை கிடையாது. அதை எதற்குக் கொடுத்து மாற்றுகிறீர்களோ, அதைப் பொறுத்து ஒரே மைல் 20 பைசாவாகவும் இருக்கும், 90 பைசாவாகவும் இருக்கும். மாற்றுவதற்கு முன்னால் இந்தப் பைசாவைக் கண்டுபிடிக்கத்தான் எக்ஸெல்.

மைல் எங்கிருந்து வந்தது?

இந்தத் திட்டங்களைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம். 1981 மே 1 அன்று ஆட்வான்டேஜ் என்ற பெயரில் ஆரம்பித்தது. அடிக்கடிப் பறப்பவர்கள் யார் என்று அந்த நிறுவனம் எப்படிக் கண்டுபிடித்தது தெரியுமா? சேபர் என்ற அதன் டிக்கெட் பதிவுக் கம்ப்யூட்டரில் ஒரே தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடிப் பார்த்தது. அதாவது மைல் திட்டமே ஒரு டேட்டாபேஸ் தேடலில் பிறந்தது. நம் நாட்டில் 1994-ல் பிளையிங் ரிட்டர்ன்ஸ் என்ற திட்டம் வந்தது. ஏர் இந்தியாவின் இந்தத் திட்டத்திற்கு 2025-ல் மகாராஜா கிளப் என்று பெயர் மாற்றினார்கள். இண்டிகோ 2024-ல் புளூசிப் என்று ஒன்றைத் தொடங்கியது.

ஆரம்பத்தில் ஆயிரம் மைல் தூரம் பறந்தால் ஆயிரம் மைல் என்று கணக்கு எளிமையாக இருந்தது. இப்போது பல திட்டங்களில் தூரத்திற்கு மதிப்பில்லை, நீங்கள் செலவழித்த ரூபாய்க்குத்தான் மதிப்பு. ஏர் இந்தியாவும் 2024-ல் இந்த முறைக்கு மாறிவிட்டது. தூரத்தைக் கணக்கில் எடுக்கும் திட்டங்களிலும் டிக்கெட்டின் வகையைப் பொறுத்து மைல் கூடும், குறையும். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து துபாய் போகும் இரண்டு பேருக்கு வெவ்வேறு மைல் கிடைப்பது இதனால்தான். மிகவும் மலிவான டிக்கெட்டுக்குச் சில சமயம் ஒன்றுமே கிடைக்காது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்

எக்ஸெல் இல்லையென்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள கால்க் என்ற புரோகிராம் இந்த வேலைக்குப் போதும். ஜிமெயில் கணக்கு உள்ளவர்கள் கூகுள் ஷீட்ஸில் செய்யலாம். கீழே சொல்லும் வழி மூன்றுக்கும் பொருந்தும்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் இடமிருந்து வலமாக ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். முதலில் 'எதற்கு', அடுத்து 'பணமாகக் கொடுத்தால்', அதற்கு அடுத்து 'மைலுடன் கட்டும் பணம்', பிறகு 'மைல்', கடைசியாக 'பைசா'. தமிழில் டைப் செய்யத் தெரியாவிட்டால் உங்களுக்குப் புரிகிற மாதிரி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது தலைப்பைப் பார்த்துச் சிலருக்குச் சந்தேகம் வரும். மைல் கொடுத்தால் டிக்கெட் இலவசம்தானே, எதற்குப் பணம்? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். விமான நிலையக் கட்டணம், வரி ஆகியவற்றை நாம்தான் கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் இவற்றோடு எரிபொருள் கட்டணம் போன்ற தங்கள் சொந்தக் கட்டணத்தையும் சேர்த்துவிடும். அது பல ஆயிரம் வரை போகும். எனவே மைல் டிக்கெட்டை இலவச டிக்கெட் என்று நினைக்காதீர்கள். தள்ளுபடி டிக்கெட் என்று நினைத்தால் கணக்கு சரியாக வரும்.

இப்போது இரண்டாவது வரிசையில் ஓர் உதாரணத்தைப் போடுவோம். பணமாகக் கொடுத்தால் 30000, மைலுடன் கட்டும் பணம் 9000, மைல் 40000 என்று வைத்துக்கொள்வோம். வெறும் எண்களை மட்டும் டைப் செய்திட வேண்டும். 'ரூ.30000' என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கணக்குப் போடும்போது பிழைச் செய்தி காட்டும்.

அடுத்து ஐந்தாவது செல்லில் கிளிக் செய்திடுங்கள். கீபோர்டில் சமக்குறியை அடித்து, ஓர் அடைப்புக்குறியைத் திறந்துகொள்ளுங்கள். மவுஸால் 30000 உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி அடியுங்கள். 9000 உள்ள செல்லைக் கிளிக் செய்து அடைப்புக்குறியை மூடுங்கள். பிறகு வகுத்தலுக்கான சாய்வுக் கோட்டை அடித்து, 40000 உள்ள செல்லைக் கிளிக் செய்யுங்கள். கடைசியாக ரூபாயைப் பைசாவாக்க, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி, 100, என்டர். விடை 52.5 என்று வரும். அதாவது இந்த டிக்கெட்டுக்கு மாற்றினால் உங்கள் மைல் ஒன்றுக்கு ஐம்பத்திரண்டரைப் பைசா.

விடை 29977.5 என்று வந்தால் அடைப்புக்குறியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் கழித்தலுக்கு முன்னால் வகுத்தலையும் பெருக்கலையும் முடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த விதிதான். விடைக்குப் பதிலாகச் செல் முழுவதும் வேலிக் கம்பி போன்ற குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தின் அகலம் போதவில்லை. மேலே தலைப்பெழுத்துக்கு வலப்புறம் உள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்தால் கட்டம் அகலமாகிவிடும்.

பார்முலாவை ஒவ்வொரு வரிசைக்கும் திரும்ப அடிக்கத் தேவையில்லை. விடை உள்ள செல்லைக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே ஐந்தாறு வரிசைகளுக்கு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஏற்ற மாதிரி பார்முலா தானாக மாறிக்கொள்ளும். மைல் எண் போடாத வரிசைகளில் வகுக்க முடியவில்லை என்று பிழை காட்டும். எண்களை நிரப்பியதும் அது போய்விடும்.

மாமாவின் நாற்பதாயிரம்

இந்த ஷீட்டை நான் முதலில் தயாரித்தது என் தாய்மாமாவுக்காக. அவர் எங்கள் ஊர்த் தோல் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். கம்பெனி டிக்கெட்டில் போனாலும் மைல் பறப்பவர் பெயரில்தான் சேரும். அப்படி அவர் கணக்கில் 62000 மைல் இருந்தது. அதில் 38000, ஜனவரி மாதக் கடைசியில் காலாவதியாகப் போகிறது என்று டிசம்பரில் ஓர் இமெயில் வந்தது. அவர் அதை விளம்பரம் என்று நினைத்து அழிக்கப் போனார். இது போன்ற இமெயிலை அழிப்பதற்கு முன் கணக்கில் லாக் இன் செய்து பார்த்துவிடுவது நல்லது.

அவருடைய மகளுக்குத் துபாயில் மே மாதம் பிரசவம். அத்தை ஏப்ரல் கடைசியில் போயாக வேண்டும். அத்தை அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. மாமாவின் மனதிலோ வேறு யோசனை. அந்த நிறுவனத்தின் கடையில் மைலைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம், 40000 மைலுக்கு 8000 ரூபாய் வவுச்சர் கிடைக்கும், பேத்திக்கோ பேரனுக்கோ ஏதாவது வாங்கிவிடலாம் என்றார். ஷீட்டில் போட்டோம். கட்டும் பணம் பூஜ்யம், விடை 20 பைசா.

அடுத்த வரிசையில் அதே நிறுவனத்தின் துபாய் டிக்கெட், போக வர. சாதாரண நாளில் மேலே சொன்ன அதே எண்கள்தான் (கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக்கி இருக்கிறேன்). 52.5 பைசா. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் அத்தைக்கு அந்த நிறுவனத்தில்தான் போக வேண்டும் என்று எந்த வேண்டுதலும் இல்லை. சென்னையிலிருந்து துபாய்க்கு வேறு நிறுவனங்களும் பறக்கின்றன. அவற்றில் மலிவானது 24000 ரூபாய் என்றால் 'பணமாகக் கொடுத்தால்' என்ற கட்டத்தில் போட வேண்டியது 24000-தான். மைல் இல்லாவிட்டால் நாம் உண்மையில் எந்த டிக்கெட்டை வாங்கியிருப்போமோ, அதன் விலை. இப்படிப் போட்டால் விடை 37.5 பைசாவாக இறங்கிவிடுகிறது.

மூன்றாவதாக அத்தை போக வேண்டிய தேதியை எடுத்தோம். ஏப்ரல் கடைசி, பள்ளி விடுமுறை. மலிவான நிறுவனத்திலேயே கட்டணம் 46000. மைல் டிக்கெட்டோ அந்தத் தேதியிலும் அதே 40000 மைல், அதே 9000 ரூபாய். விடை 92.5 பைசா. வவுச்சரைப் போல நாலரை மடங்கு. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

பணக் கட்டணம் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மைலுக்கு மதிப்பு அதிகம். ஆனால் எல்லாத் திட்டத்திலும் இப்படி நடக்காது. சிலவற்றில் பணக் கட்டணம் ஏறினால் கேட்கும் மைலும் கூடவே ஏறும். நிலையான மைல் கேட்கும் திட்டங்களில் அந்தச் சில இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் நாலு மாதம் முன்பே தேடியதால் கிடைத்தது. பல நிறுவனங்கள் ஏறத்தாழ பதினோரு மாதம் முன்பே இருக்கைகளைத் திறந்துவிடுகின்றன. தேதி தெரிந்தவுடன் தேடுங்கள். ஒரு நாள் முன்னே பின்னே மாற்றியும் பாருங்கள். பணக் கட்டணத்தைப் பார்க்க கூகுள் பிளைட்ஸ் தளம் வசதியானது, காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணத்தைக் காட்டிவிடும்.

இன்னொரு சந்தேகமும் மாமாவுக்கு வந்தது. மைல் ஜனவரியில் செத்துவிடுகிறது, பயணமோ ஏப்ரலில், எப்படி என்று. பெரும்பாலான திட்டங்களில் காலாவதிக்கு முன் டிக்கெட் எடுத்தால் போதும், பறப்பது பிறகு இருக்கலாம். ஆனால் காலாவதித் தேதிக்குப் பின் டிக்கெட்டை ரத்து செய்தால் மைல் திரும்ப வராமல் போகலாம். விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். மனைவி பெயரில் எடுக்க முடியுமா என்பதும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஸ்கைவார்ட்ஸில் குடும்பத்தார் மைல்களை ஒரே கணக்கில் சேர்க்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்பிளையரில் ஐந்து பேரை நியமித்து அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம்.

காலாவதிக்கு ஒரு கட்டம்

மைல் காலாவதியாவது இரண்டு விதம். ஸ்கைவார்ட்ஸ், கிரிஸ்பிளையர் போன்றவற்றில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. இடையில் எத்தனை தடவை பறந்தாலும் பழைய மைலுக்கு ஆயுள் நீளாது. கேத்தே பசிபிக் நிறுவனத்தின் ஏசியா மைல்ஸில் வேறு விதம். 18 மாதத்திற்குள் ஏதாவது ஒரு வரவோ செலவோ இருந்தால் மொத்தமும் உயிரோடு இருக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தார் ஏர்வேஸும் வழங்கும் ஏவியோஸில் இந்தக் கெடு 36 மாதம். எனவே ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவருக்கு எது லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஷீட்டில் இன்னொரு பக்கம் திறந்து திட்டத்தின் பெயர், இருப்பு, காலாவதித் தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். மொபைல் காலண்டரில் மூன்று மாதம் முன்பே மணியடிக்கும்படி நினைவூட்டலும் வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் ஷீட்டில் எழுத வேண்டாம்.

அடிக்கடிப் பறக்காதவர்கள் மைலைப் பல கணக்கில் சிதறவிடக் கூடாது. ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுப்தான்சா மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கின்றன. ஏர் இந்தியா அதில் சேர்ந்தது 2014 ஜூலையில். சென்னையிலிருந்து பிராங்பர்ட் வழியாக மிலான் போகிறவர், லுப்தான்சாவில் பறந்துவிட்டு ஏர் இந்தியா உறுப்பினர் எண்ணைக் கொடுக்கலாம். டிக்கெட் வகை அனுமதித்தால் மைல் அங்கே சேரும்.

சேர்த்துக்கொண்டே போவதும் புத்திசாலித்தனம் இல்லை. மைலுக்கு வட்டி கிடையாது. நிறுவனம் நினைத்தால் ஒரே நாளில் 40000 மைல் டிக்கெட்டை 50000 ஆக்கிவிடலாம். நிறுவனமே மூடிவிட்டால்? கிங்பிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது அதன் கிங் கிளப் மைலும் பயனில்லாமல் போனது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் நின்றது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, அந்த ஆண்டே இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை.

மைல் கணக்கில் கெட்டிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1999-ல் அமெரிக்காவில் டேவிட் பிலிப்ஸ் என்ற இன்ஜினியர், ஒரு உணவு நிறுவனம் தன் பாக்கெட் லேபிள்களுக்கு விமான மைல் தருவதாக அறிவித்ததைப் பார்த்தார். கணக்குப் போட்டதில், கால் டாலர் புட்டிங் கிண்ணம் வாங்குவதுதான் மிகவும் மலிவு என்று தெரிந்தது. சுமார் 3140 டாலருக்கு 12150 கிண்ணம் வாங்கினார். பன்னிரண்டரை லட்சம் மைல் கிடைத்தது. மைலுக்குக் கால் சென்ட். லேபிளைக் கிழித்துத் தந்தால் புட்டிங் உங்களுக்கே என்று ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் ஒப்படைத்து, ஆள் வேலையையும் முடித்துக்கொண்டார்.

அதைப் படித்துவிட்டு மைலுக்காகவே கிரெடிட் கார்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்குக் கார்டு புள்ளிகளை மைலாக மாற்றுவது நல்ல வழிதான். பாக்கி வைத்தால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும் கார்டுகளே அதிகம். நூறு ரூபாய் செலவழித்து இரண்டு மைல் வாங்கி, மைலுக்கு 50 பைசா கிடைத்தாலும் உங்கள் லாபம் ஒரு ரூபாய். ஒரே மாத வட்டி அதை விழுங்கிவிடும். இதையும் ஷீட்டில் போட்டுப் பாருங்கள்.

பிசினஸ் வகுப்புக்கு மாற்றினால் மைலுக்கு இரண்டு ரூபாய் மதிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. ஷீட்டில் அப்படித்தான் வரும். இரண்டு லட்ச ரூபாய் டிக்கெட்டைச் சொந்தப் பணத்தில் நீங்கள் வாங்குவீர்களா என்பதுதான் கேள்வி. நான் வாங்க மாட்டேன், எனவே என் கணக்கில் அந்த இரண்டு ரூபாய்க்கு இடமில்லை. என் அளவுகோல் 50 பைசா. அதற்குக் கீழே வந்தால் பணம் கொடுத்து டிக்கெட் எடுப்பேன், அதில் புது மைலும் சேரும். காலாவதி நெருங்கிவிட்டால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். செத்துப்போகும் மைலுக்கு 20 பைசா கிடைத்தாலும் வரவுதான்.

இணையத்தில் கவனம்

மைல் கணக்கைப் பணம் உள்ள கணக்காகவே நினையுங்கள். திருடர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். நிறுவனத்தின் முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்து திறந்து, புக்மார்க் செய்துகொள்ளுங்கள். "உங்கள் மைல் இன்றிரவு காலாவதி, இங்கே கிளிக் செய்யவும்" என்று வரும் எஸ்.எம்.எஸ். இணைப்பைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண் வேண்டுமென்று தேடுதளத்தில் தேடி, முதலில் வரும் எண்ணுக்குப் போன் செய்வதும் ஆபத்து. போலி எண்கள் ஏராளம். ஓ.டி.பி. கேட்டால் போனை வைத்துவிடுங்கள். மைலைப் பணத்திற்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர்களிடமும் போகாதீர்கள். விற்பது தெரிந்தால் கணக்கையே மூடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

போர்டிங் பாஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் உள்ள பதிவு எண்ணும் பெயரும் போதும், உங்கள் பயணத்தை இன்னொருவர் திறந்து பார்க்க. ஆனால் படத்தை அழித்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் 'மைல்' என்று ஒரு போல்டர் திறந்து அதில் சேமித்து வையுங்கள். பறந்து இரண்டு வாரமாகியும் மைல் சேரவில்லை என்றால், நிறுவனத்தின் தளத்தில் விடுபட்ட மைலைக் கேட்கும் பகுதி இருக்கும். அங்கே டிக்கெட் எண், விமான எண், தேதி எல்லாம் கேட்பார்கள். போர்டிங் பாஸ் படமும் டிக்கெட் பைலும் கையில் இருந்தால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். இதற்குச் சில மாதக் கெடுதான் உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.